பழைய சாமான் கடையில் நான் செய்த பாவசங்கீர்த்தனம்

எட்டாவது வரைதான் படித்தேன். பெரிய பாவங்கள் செய்யும் சாமர்த்தியம் எனக்கு வாய்க்கவில்லை. செய்ததிலேயே பெரியது, மாமியாரின் பீங்கான் பொம்மையை உடைத்ததுதான்.

எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகி ஆறு மாதம். மில்லில் வேலை, குருசுக்குப்பத்தில் மாமியார் வீட்டோடு ஜாகை. கூடத்து அலமாரியின் மேல் அந்தப் பீங்கான் பெண் நிற்பாள். நீலப் பாவாடை, கையில் பூக்கூடை, தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தபடி. மறைந்த மாமனாரின் அப்பா வெள்ளைக்காரனிடம் உத்தியோகம் பார்த்த சைகோனிலிருந்து கொண்டுவந்தது. (எங்கள் ஊரில் பாதி வீட்டுப் பெருமை சைகோன் கப்பலில் வந்து இறங்கியதுதான்.) மாமியாரும் என் மனைவி சகாயமும் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார்கள். நல்ல மருமகன் என்று பெயர் வாங்க ஒட்டடை அடித்தேன். ஒட்டடை அப்படியே இருந்தது. பொம்மைதான் கீழே வந்தது.

மாமியார் அதற்குத் தினமும் தூசி தட்டிவிட்டுத்தான் காப்பி குடிப்பார். மறுநாள் சாயங்காலம் திரும்பி வருகிறார். கர்த்தரே, நான் எங்கே போவேன்?

பீச்சுக்குப் போகிற வீதி ஒன்றில் மூன்று தலைமுறையாக ஒரு பழைய சாமான் கடை. வெள்ளைக்காரர்கள் கப்பலேறும்போது விட்டுப்போனதெல்லாம் அங்கே கிடைக்கும். அதே மாதிரி பொம்மை ஒன்று அகப்படாதா என்று உச்சி வெயிலில் போனேன். கல்லாவில் ஆள் இல்லை.

உள்ளே நுழைந்ததும் வெயில் மறந்துபோனது. பத்துக் கடிகாரங்கள் பத்து விதமாக மணி காட்டின, எதுவும் ஓடவில்லை. கடற்காற்று வரும்போதெல்லாம் சரவிளக்கின் கண்ணாடித் துளிகள் மெல்லச் சிணுங்கின. ரசம் போன கண்ணாடிகளில் மங்கலாக ஒருவன் என்னோடு கூடவே நடந்தான். (நான்தான். அன்றைக்கு அழகாகக்கூட இருந்தேன்.) நீருக்கடியில் நடப்பதுபோல நடந்தேன். எதற்கு வந்தோம் என்பதே நினைவில் இல்லை.

கடைசி அறையின் இருட்டில் அது நின்றது. ஏதோ மாதா கோயிலிலிருந்து கழித்துப் போட்ட, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டி. சாமியார் உட்காரும் கூண்டு, திரை, பக்கத்தில் மரச்சல்லடை, எல்லாம் அப்படியே. நோன்பிருந்து பாவத்துக்கு வருந்தும் தவசுகாலம் வேறு. முழங்கால் என்னைக் கேட்காமலே மடங்கியது. உள்ளே யாரோ இருமினார்கள். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா?

"சாமி, பாவியா வந்திருக்கேன். மாமியாரு பொம்மய ஒடச்சிட்டேன். பூன தள்ளிடுச்சின்னு பொய் சொல்லலாம்னு இருக்கேன்."

சல்லடைக்கு அந்தப்பக்கம் பலகை முனகியது. பிறகு குரல் வந்தது. "எவ்ளோ ஒசரம்?"

எந்தச் சாமியாரும் பாவத்தின் உயரத்தைக் கேட்டதில்லை. இருந்தும் பணிவாகச் சொன்னேன். "ஒரு மொழம் இருக்கும், சாமி."

"பாவாட என்னா கலரு?"

"நீலம், சாமி. கையில பூக்கூட."

திரை விலகியது. நெற்றி நிறைய விபூதியோடு கடைக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டு வெளியே வந்தார். மத்தியானத் தூக்கத்துக்குக் கடையிலேயே குளுமையான இடம் அதுதானாம்.

"தம்பி, பாவத்த மன்னிக்கிற அதிகாரம் எனக்குக் கெடையாது. பொம்ம வேணா இருக்கு."

அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்தார். அதே பாவாடை, அதே கூடை! மாதாவே நேரில் வந்து கொடுத்ததுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் மாமியார் வந்தார். ஜெபமாலையை ஆணியில் மாட்டிவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. புதியவள் தலையைத் திருப்பி அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சகாயத்தைத் தண்ணீர் பிடிக்க அனுப்பிவிட்டு, மாமியார் மெல்லக் கேட்டார். "மாப்ள, இவ எங்க இருந்தா?"

ஒன்று விடாமல் சொன்னேன். விபூதி உட்பட. திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் முந்தானையால் அந்தப் பீங்கான் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இவளுங்க ஜோடி, மாப்ள. சகாயம் மொத நற்கருண வாங்கறப்ப புதுநன்ம கவுன் தைக்கணும்னு இவள நான்தான் அந்தக் கடையில வித்துட்டேன். ஒங்க மாமாகிட்ட பூன ஒடச்சிடுச்சின்னுட்டேன். கடசி வரைக்கும் மனுசன் அந்தப் பூனயத் தேடிக்கிட்டிருந்தாரு." அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "நீங்களும் வாயத் தொறக்காதீங்க. நானும் தொறக்கல."

அன்று முதல் வஞ்சிரத்தின் நடுத்துண்டு என் தட்டில்தான் விழுந்தது. "எங்கம்மாவுக்கு என்னா மருந்து வச்சீங்க?" என்று சகாயம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பத்து வருஷம் காப்பாற்றிய ரகசியத்தை, என் மகனின் புதுநன்மை விருந்தில், பந்தி நடுவே, பங்குச் சாமியார் எதிரிலேயே மாமியார் போட்டு உடைத்தார். பாயசத்தில் புரையேறிய சாமியாரின் முதுகை நான்கு பேர் தட்ட வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் நான் எப்போது பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போட்டாலும், வாயைத் திறப்பதற்குள் அவர் திரையை விலக்கி முகத்தைக் காட்டிவிடுவார்.

"நான்தான்யா. பயப்படாம சொல்லு."