சம்பந்தி வீட்டுக் கொபௌ செடிக்குத் தண்ணீர் ஊற்றிய விவரம்

ஜோர்ஹாட்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி டிம்பேஸ்வர் புக்கன் அவர்களுக்கு,

லோகேஸ்வர் ஹாந்திக் பணிவுடன் எழுதுவது. தேஜ்பூரில் தாங்களும் சம்பந்தியம்மாவும், தங்களிடம் வந்திருக்கும் எங்கள் மருமகள் ஜூரியும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நான் சௌக்கியம். என் மனைவி தரூலதா சௌக்கியம். மகன் மிருதுல் வழக்கம்போல வாய் திறக்காமல் சௌக்கியம். தாங்கள் கல்யாணச் சீரோடு கொடுத்தனுப்பிய கொபௌ ஆர்க்கிட் செடி மட்டும் சௌக்கியமாக இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். போனை எடுப்பது ஜூரி. எடுத்ததும், "செடி எப்படிப்பா இருக்கு?" என்கிறாள். "அதுக்கென்னம்மா, ராஜா மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன நேரத்தில் அதன் நடுக்குருத்து அழுகிக்கொண்டிருந்தது.

தை மாதப் பிஹுப் பண்டிகை முடிந்த கையோடு ஜூரி பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியது தங்களுக்குத் தெரியும். ஏன் கிளம்பினாள் என்பது எங்களுக்குத் தெரியாது. மிருதுலைக் கேட்டால், "அம்மா வீட்டுக்குப் போகணும்னு சொன்னா, போயிருக்கா" என்கிறான். படலைக் கதவருகே நின்று தரூலதா, "எப்பம்மா திரும்பி வருவே?" என்று கேட்டாள். "கொபௌ பூக்கட்டும்மா. வந்து கொண்டையில வெச்சுக்கறேன்" என்றாள் ஜூரி. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் குளிர்காலம் முழுவதையும் ஓட்டினோம். வருஷப்பிறப்புப் பொஹாக் பிஹு இப்போது வாசலுக்கு வந்துவிட்டது. அது அவளுக்கு எங்கள் வீட்டில் முதல் பொஹாக் பிஹு. மருமகள் இல்லாத வீட்டுக்கு வந்து அரிசிப் பிட்டா சாப்பிடுகிறவர்கள் பிட்டாவை மட்டும் மென்றுவிட்டுப் போகமாட்டார்கள்.

செடியைக் கொடுக்கும்போது தாங்கள் சொன்ன விதிகள் எதையும் நான் மறக்கவில்லை. காலையில் மட்டும் தண்ணீர். தேங்காய் மட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும். வேர் வெள்ளிபோல வெளுத்திருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் தாகமில்லை. குருத்தில் நீர் தேங்கக் கூடாது. காற்று ஓடும் இடத்தில் தொங்க வேண்டும். பெண்ணைப் பற்றித் தாங்கள் சொன்னது, "நல்ல பொண்ணு, பாத்துக்குங்க" என்ற ஒரே வாக்கியம். செடியைப் பற்றிச் சொல்லி முடிக்கும்போது பந்தியில் இலை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் சம்பந்தி வீட்டிலிருந்து வந்த பொருளுக்கு ஒரு மரியாதை உண்டல்லவா? அது வந்த அன்றே தரூலதா தன் கையால் நெய்த புது கமுசாத் துண்டு ஒன்றை எடுத்து, வந்த விருந்தாளியின் கழுத்தில் போடுவதுபோல மண்தொட்டியைச் சுற்றிப் போட்டு முடிச்சும் போட்டாள். ஜூரி இருந்தவரை தினமும் சிரித்துக்கொண்டே அதை அவிழ்த்து உலர்த்திவிட்டுத் திரும்பக் கட்டுவாள். அவள் போன பிறகு அவிழ்க்க எங்களுக்குக் கை வரவில்லை. மரியாதையாகப் போர்த்தியதை உருவுவது என்ன பழக்கம்? தொட்டியின் பக்கத்து ஓட்டைகளெல்லாம் துணிக்குள் போயின. காற்று நின்றது. துணி நனைந்தது நனைந்தபடியே இருந்தது.

இத்தோடு தண்ணீர். காலையில் நான் ஊற்றினேன். நான் ஊற்றியது தெரியாமல், சாயங்காலம் விளக்கேற்றிய கையோடு தரூலதா ஊற்றினாள். பக்கத்து வீட்டுக் கலிதா மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், பேப்பர் படிக்க வரும்போதெல்லாம், "ஐயோ பாவம், பொண்ணு இல்லாத வீட்ல செடிய யார் பாக்கறா" என்று தன் பங்குக்கு ஒரு குவளை ஊற்றினார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. பூத்தால், "என் கையால பூத்தது" என்று ஜூரியிடம் சொல்ல மூவரும் தனித்தனியாகக் காத்திருந்தோம். வெளியே பிரம்மபுத்திராவின் பனிமூட்டம் வேறு. அதுவும் நான்காவது ஆளாகச் சேர்ந்து ஊற்றியது.

பங்குனி பிறந்ததும் இலைக்கடியில் பூங்கொத்தின் முனை எட்டிப் பார்த்தது. தரூலதா அழுதேவிட்டாள். கும்பிடக் குனிந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தாள். "ஏங்க, உள்ள யாரோ பஞ்சு வெச்சிருக்காங்க." பஞ்சு அல்ல, பூஞ்சணம். தேங்காய் மட்டை முழுக்க வெள்ளை ரோமம். கலிதா மாஸ்டரைக் கூப்பிட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "பட்டைப்பொடி தூவுங்க ஹாந்திக்கரே. பூஞ்சணத்துக்கு அதுதான் எமன்" என்றார். தூவினோம். வீடு பிரியாணிபோல மணத்தது. மணம் பிடித்துத் தெருப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் வந்து பார்த்து, "வேர் மேலயுமா தூவினீங்க? வேரையும் காய வெச்சிடுமே!" என்றார். "நேத்தே சொல்லியிருக்கலாமே மாஸ்டர்." "நீங்க கேக்கலையே."

காய்ந்த வேருக்குத் தாகம் என்று தரூலதா இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். பிறகு ஈரம் போகட்டும் என்று சாம்பிராணிப் புகை போட்டாள். கொத்தின் முனை கருத்தது. கடைசியில் நானே தொட்டியைக் கவிழ்த்தேன். உள்ளிருந்த கரித்துண்டையும் செங்கல் சில்லையும் கழுவி வெயிலில் போட்டேன். மட்டையைச் சோற்றுப் பானையில் வேகவைத்தேன். அன்றைய சோற்றை நாய்கூடத் தொடவில்லை. அழுகிய வேர்களைப் பாக்கு வெட்டியால் நறுக்கினேன். இப்போது வருகிற விருந்தாளிகள் பாக்கை வாயில் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் யோசிக்கிறார்கள். உலர்ந்த கரியில் செடியை நட்டு, துணி எதுவும் சுற்றாமல் வராந்தாவில் காற்றில் தொங்கவிட்டேன். முதல்முறையாகத் தாங்கள் சொன்னபடி செய்தேன். அன்று சாயங்காலம் பர்தைசிலாப் புயல் வந்தது. வருஷா வருஷம் பிஹுவுக்கு முன்னால் தாய்வீட்டுக்கு ஓடும் பெண் என்று ஊர் சொல்லும் அந்த மகராசி, போகிற வழியில் எங்கள் கூரைத் தகடு இரண்டையும் பூங்கொத்தையும் கொண்டுபோய்விட்டாள். அவளாவது பிஹு முடிந்தால் திரும்பிவிடுவாள்.

தரூலதா இப்போதெல்லாம் சாப்பாட்டில் சரியாகக் கை வைப்பதில்லை. "நம்ம வீட்ல ஒரு செடி தங்கல, பொண்ணு எப்படித் தங்கும்?" என்கிறாள்.

ஆகையால் ஒரே ஒரு வேண்டுகோள். தங்கள் தோட்டத்தில் அதே வம்சத்துக் கொபௌ நிறைய உண்டு. பூ அவிழப்போகிற செடி ஒன்றை ஜூரிக்குத் தெரியாமல் பஸ்ஸில் அனுப்பவும். அதைத் தொங்கவிட்டு, "பூத்துடுச்சும்மா" என்று போன் செய்கிறோம். அதற்கு நாங்கள் யாரும் தண்ணீர் ஊற்ற மாட்டோம் என்று பூஜையறை நாமகோஷாப் புத்தகத்தின் முன்னால் சத்தியம் செய்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். குழந்தை ஜூரிக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம். இறைவன் தங்கள் குடும்பத்தையும் தோட்டத்தையும் காப்பாற்றட்டும், எங்களிடமிருந்தும்.

தங்கள் அன்புள்ள,
லோகேஸ்வர் ஹாந்திக்

பி.கு: செடி அனுப்ப வேண்டாம். தபாலில் போடச் சொல்லி மிருதுலிடம் இதைக் கொடுத்தேன். நின்றபடியே படித்துவிட்டு, "அவ செடிக்காகப் போகலப்பா" என்றான்.

"பின்ன?"

"ரெண்டு நாள் எங்கிட்ட பேசாம இருந்தா. எனக்குத் தெரியல."

"ஏன் பேசலைன்னு தெரியலையா?"

"பேசலைங்கறதே தெரியல. மூணாம் நாள் அவதான் சொன்னா. நீயா வந்து கூப்பிட்டா வரேன்னுட்டுப் போயிட்டா."

"கூப்பிட்டியாடா?"

"பூ பூத்தா வருவான்னு நீங்கதான் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தீங்களே."

தரூலதா கரண்டியை எறிந்தாள். குறி தப்பிவிட்டது. நாளைக் காலைப் பஸ்ஸில் அவனை அனுப்புகிறோம். மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று வாத்துக்கறி சமைத்துவிடாதீர்கள்; வாய் நிறைந்திருந்தால் இவன் பேசவே மாட்டான். வாசலிலேயே நிற்கட்டும். ஜூரி உள்ளே விடவில்லையென்றால் சாயங்காலப் பஸ்ஸில் ஏற்றிவிடவும். மறுநாளும் அனுப்புகிறோம். இந்தக் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். ஒன்றும் சொல்ல வரவில்லையென்றால் இதையாவது அவளிடம் நீட்டுவான்.