அஞ்சுக்கும் அஞ்சரைக்கும் நடுவில் ஒரு ஃபயர்வால்

மயிலாப்பூர்,
வெள்ளிக்கிழமை, ராத்திரி மணி பதினொன்றே முக்கால்.

அன்புள்ள கிரீஷ் மாமாவுக்கு,

மஹதி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்பளவில் நலம். மற்றதெல்லாம் எப்படி இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஈக்காட்டுத்தாங்கலில் நீங்களும் மாமியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். மாமியிடம்கூடக் காட்ட வேண்டாம், மாமியிடம் சொல்வது அம்மாவிடம் சொல்வது மாதிரிதான். மெசேஜ் அனுப்பலாம் என்றால் எனக்கென்று இருப்பது ஒரே ஒரு பழைய டேப்லெட், அதையும் அப்பா தினம் ஒருமுறை வாங்கிப் பார்க்கிறார், அந்த நேரம் பார்த்து உங்கள் பதில் வந்தால் தொலைந்தேன். அதனால்தான் பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கெமிஸ்ட்ரி ரஃப் நோட்டில் எழுதுகிறேன். உங்கள் ஆபீசுக்குப் பின்தெருவில் இருக்கும் என் கிளாஸ்மேட் அஃப்ரா, நாளைக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து போகும்போது இதை உங்கள் கையில் கொடுப்பாள்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரப் போகும் அந்தச் சின்னப் பெட்டியை, ஃபயர்வாலை, தயவுசெய்து கொண்டு வராதீர்கள்.

காரணத்தை முதலிலிருந்து சொல்கிறேன். பத்து நாளைக்கு முன்னால் லஸ் பக்கத்தில் ஒரு சின்ன சபாவில் அம்மாவுக்கு மத்தியானக் கச்சேரி இருந்தது இல்லையா, நீங்கள்கூட வேலை இருக்கிறது என்று வரவில்லை. மறுநாள் ஒரு இணையப் பத்திரிகையில் அதற்கு விமர்சனம் வந்தது. எழுதியவர் பெயர் 'கடைசி வரிசை'. குரல் நன்றாக இருந்தது, நிரவல் நன்றாக இருந்தது, ஆனால் மூன்றாவது கீர்த்தனையில் அனுபல்லவி ஏறும்போது சுருதி சற்றே கீழே நழுவியது, வீட்டில் சாதகம் செய்யும்போது கண்ணாடி மாதிரி இருக்கும் இடம் மேடையில் ஏனோ தடுமாறியது என்று எழுதியிருந்தது. அப்பா அதைச் சத்தமாக ஆறு தடவை படித்தார். ஆறாவது தடவைதான் அவருக்கு உறைத்தது. "வீட்டுல பாடறது இவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அம்மா, "ஏன், எதிராத்துக்குக் கேக்கும், கீழாத்துக்குக் கேக்கும், இஸ்திரி வண்டிக்காரருக்குக் கேக்கும்" என்றாள். "அவாளுக்கெல்லாம் அனுபல்லவி தெரியுமா விஜி? எவனோ நம்ம வை-ஃபைக்குள்ள வந்து உக்காந்துண்டு தினம் காலம்பற உன்னைக் கேட்டுண்டிருக்கான்!" அவ்வளவுதான். இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர், எதற்கும் ஒரு பாலிசி எடுத்தாக வேண்டும். நெட் வழியாக வெளியாள் உள்ளே வராமல் தடுக்க ஃபயர்வால் என்று ஒன்று உண்டு என ஆபீசில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், பிடித்துக்கொண்டுவிட்டார்.

மாமா, அந்தக் கடைசி வரிசை நான்தான்.

திட்டாதீர்கள். அந்தப் பத்திரிகையில் யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம் என்று போட்டிருந்தார்கள். இரண்டு கச்சேரிக்கு எழுதினேன், போட்டார்கள். மூன்றாவதாக, அந்த மத்தியானக் கச்சேரிக்குப் போக ஆளில்லை, நீங்கள் போக முடியுமா என்று ஆசிரியரே கேட்டார். எனக்குப் பதினாறு வயது என்றோ, பாடுவது என் அம்மா என்றோ அவருக்குத் தெரியாது. நன்றாக இருந்தது என்று மட்டும் எழுதிப் பார்த்தேன், எனக்கே அது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. உண்மையை எழுதினேன். வீட்டு விஷயத்தை எழுதியது முட்டாள்தனம். ஆனால் அதைவிடப் பெரிய கஷ்டம் வேறு. அந்த விமர்சனம் வந்ததிலிருந்து அம்மா காலையில் பாடுவதில்லை. ஐந்தரைக்கு எழுந்து சுருதிப் பெட்டியை ஆன் பண்ணுகிறாள், அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், ஆறரைக்கு ஆஃப் பண்ணிவிட்டுக் காபி போடப் போகிறாள். நான் போர்வைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். வெறும் சுருதி. எழுதியது நான்தான் என்று அவளுக்குத் தெரிந்தால் சுருதிப் பெட்டியையும் தூக்கிப் பரணில் போட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

இந்த நிலைமையில்தான் வந்தது முதல் மெஷின். எங்கள் பில்டிங்கில் எல்லார் கம்ப்யூட்டரையும் ரிப்பேர் செய்யும் கபாலி, "சார், நீ கவலப்படாத, ஏலத்துல எடுத்த டெஸ்க்டாப்பு ஒண்ணு நம்ம கைல கீது, அதுல ஃபயர்வாலு ஏத்திக் குடுக்கறேன், கொசுகூட உள்ள வராது" என்று சொல்லி, ஃப்ரிட்ஜில் பாதி உயரத்துக்கு ஒரு கறுப்பு டப்பாவைக் கொண்டுவந்து ஹாலில் மோடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சுவிட்சைப் போட்டதும் அது புறப்படத் தயாரான பஸ் மாதிரி உறுமியது. "என்னப்பா இது, இவ்வளவு சத்தம்?" என்று அம்மா கேட்டதற்கு, "மெசின்னா சத்தம் வராம இன்னா பண்ணும் மேடம்? உள்ள ஃபேன் கீது. சத்தம் வந்தா வேல செஞ்சிக்கினு கீதுன்னு அர்த்தம்" என்றார். அப்பாவுக்கு இந்த விளக்கம் ரொம்பப் பிடித்துவிட்டது. பாதுகாப்பு காதிலேயே கேட்கிறது அல்லவா. ஆனால் அம்மா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது அஞ்சு கட்டை சுருதியும் இல்லை, அஞ்சரையும் இல்லை, நடுவுல எங்கேயோ நின்னுண்டு கத்தறது. இதை வெச்சுண்டு நான் எப்படி பாட்டு கிளாஸ் எடுப்பேன்?" என்றாள். "கொஞ்ச நாள்ல பழகிடும் விஜி" என்றார் அப்பா. பழகியது அம்மாவுக்கு இல்லை, குழந்தைகளுக்கு. சாயங்கால கிளாசுக்கு வரும் ஏழு வாண்டுகளும் சுருதிப் பெட்டியை விட்டுவிட்டு, அதைவிட உரக்கக் கத்திய டெஸ்க்டாப்போடு சேர்ந்துகொண்டார்கள். அம்மா தொடையில் தட்டித் தட்டி இழுத்துப் பார்த்தாள். ஏழு பேரும் ஒற்றுமையாக நடுவிலேயே நின்றார்கள்.

போன சனிக்கிழமை சாயங்காலம் கரண்ட் போனது. எங்கள் இன்வெர்ட்டரின் சக்தி உங்களுக்குத் தெரியும், இரண்டு ஃபேன், இரண்டு லைட், ஒரு மோடம். டெஸ்க்டாப்பையும் அதில் மாட்டியிருந்தார் அப்பா, திருடன் கரண்ட் போன நேரம் பார்த்துத்தான் வருவான் என்று. இன்வெர்ட்டர் கீ கீ என்று அலறி, இரண்டே நிமிஷத்தில் தானும் படுத்து எங்கள் எல்லோரையும் இருட்டில் உட்கார வைத்தது. டெஸ்க்டாப் நின்ற அதே நொடியில் ஏழு குழந்தைகளும் ஸ்வரத்தின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு குழந்தை, "டீச்சர், பாட்டு ஆஃப் ஆயிடுத்து" என்றது. அதற்கு மறுநாள் கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டி. அந்த ஏழு பேரில் ஒருத்தியான எட்டு வயது ஸஹானா மேடையில் ஏறி, சுருதிப் பெட்டியைப் பார்த்து, சுற்றுமுற்றும் பார்த்து, நடுவரிடம், "கம்ப்யூட்டர் எங்க மாமி?" என்று கேட்டிருக்கிறாள். அன்று ராத்திரி அவள் அம்மா மீனாட்சி ஆன்ட்டி போன் செய்தார். "டீச்சர், மிக்சியை ஓடவிட்டாத்தான் பாடுவேங்கறா, நான் தெனம் மூணு வேளை சட்னி அரைச்சிட்டிருக்கேன்" என்றார். போனை வைத்துவிட்டு அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னது ஒரே வாக்கியம். "ஒண்ணு அது இந்தாத்துல இருக்கணும், இல்லைன்னா நான் இருக்கணும்."

அப்பாவுக்கு அன்று புரிந்தது, ஃபயர்வால் என்றால் சத்தம் வரக்கூடாது, கரண்ட் இழுக்கக்கூடாது என்று. ஒருவன் நம் வீட்டை ஒட்டுக் கேட்கிறானே என்பதை மறந்து, சத்தமில்லாத மெஷின் எங்கே கிடைக்கும் என்று ரிச்சி ஸ்ட்ரீட் முழுவதும் ஒரு நாள் லீவு போட்டுச் சுற்றினார். கடைக்குக் கடை குனிந்து காதை வைத்துக் கேட்டார். ஒரு கடைக்காரர், "சார், இது என்ன தேங்காயா?" என்று கேட்டாராம். கடைசியில் கபாலியே உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்பு டப்பா கொண்டுவந்தார். ஃபேனே கிடையாது, மேலே வரிவரியாக இருந்தது, சூடு அது வழியாகவே வெளியே போய்விடுமாம், ஒரு சின்ன பல்புக்கு ஆகிற கரண்ட்தான் ஆகுமாம். "மூச்சே வுடாது சார்" என்றார். மூச்சு விடவில்லை என்பதே அப்பாவுக்குப் பிரச்சினையாகிவிட்டது. சத்தமே வராவிட்டால் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை புறங்கையை வைத்துப் பார்ப்பார். "விஜி, ஜுரம் அடிக்கறதே இதுக்கு?" என்பார். அம்மா அதைவிட மோசம். மார்கழிக் குளிரில் தயிர் உறையவில்லை என்று பால் பாத்திரத்தைக் கொண்டுபோய் அதன் தலையில் வைத்துவிட்டாள். மாமா, தயிர் வெட்டி எடுக்கலாம் போல உறைந்தது. அப்பா, "இது ஒண்ணாவது உருப்படியா வேலை செய்யறதே" என்றார்.

அப்புறம்தான் கபாலி தலையைச் சொறிந்தார். அந்த டப்பாவில் ஒயர் மாட்டுவதற்கு ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது. ஃபயர்வால் என்றால் வெளியிலிருந்து வரும் ஒயருக்கு ஒன்று, வீட்டுக்குள் போகும் ஒயருக்கு ஒன்று, குறைந்தது இரண்டு வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் அதைத் தொடாமலேயே பக்கவாட்டில் போய்விடும் என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது, என் வாய். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம ஃப்ளாட்டுக்கே ஒரு வாசல்தான், அதுக்குள்ள நாம வரலையா போகலையா?" என்றார். கபாலியோ, "பாப்பா சொல்றது கரெக்டு சார், இத்த நான் எத்துனு பூடறேன்" என்று டப்பாவைத் தயிர்ப் பாத்திரத்தோடு தூக்கப் போனார். அப்போதுதான் அம்மா உங்கள் பெயரைச் சொன்னாள். "என் தம்பி இதே தொழில்தானே பண்றான், அவனைக் கேளுங்கோளேன்!" என்று. நீங்களும் உடனே, அத்திம்பேர், ஃபேன் இல்லாதது, ரெண்டு ஓட்டை உள்ளது, எங்க ஆபீசிலேயே ஒண்ணு சும்மா இருக்கு, ஞாயித்துக்கிழமை கொண்டு வரேன் என்று சொல்லிவிட்டீர்கள். சொன்னதோடு நிறுத்தினீர்களா? இதில் யார் எந்த இணையதளத்துக்கு எத்தனை மணிக்குப் போனார்கள் என்று லிஸ்டே வரும் என்றும் சொல்லிவைத்தீர்கள். அப்பா அன்றிலிருந்து பரீட்சை ஹாலில் பறக்கும் படை மாதிரி நடமாடுகிறார். "தினம் ராத்திரி சாப்பாடு ஆனதும் லிஸ்டை எல்லார் முன்னாலயும் படிக்கப் போறேன். அவன் எங்கேர்ந்து வரான்னு பாத்துடறேன்" என்கிறார்.

மாமா, யோசித்துப் பாருங்கள். அவன் எங்கிருந்தும் வரவில்லை, நான்தான் இங்கிருந்து போகிறேன். திங்கட்கிழமைக்குள் அடுத்த விமர்சனத்தை அனுப்ப வேண்டும், டேப்லெட்டில் அனுப்பியதை உடனே அழித்துவிடுவேன், அப்பா கண்ணில் படாது. நான் என்ன எழுதினேன் என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் இந்த வீட்டிலிருந்து யாரோ ராத்திரி பதினொரு மணிக்கு அந்தப் பத்திரிகைக்குப் போகிறார்கள் என்பது லிஸ்டில் வரும். வீட்டில் இருப்பது மூன்று பேர். ஒருவர் குறட்டை விடுகிறார், ஒருவர் காலை ஐந்தரைக்கு எழுகிறவர். மிச்சம் யார் என்று கண்டுபிடிக்க ஃபயர்வால் வேண்டாம். எழுதுவதை நிறுத்திவிடலாம் என்றும் பார்த்தேன். மூன்று நாள் எழுதவில்லை, சோறு இறங்கவில்லை. அதனால் ஒன்று, பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடுங்கள். இரண்டு, கொண்டு வந்துதான் ஆக வேண்டும் என்றால் அந்த லிஸ்ட் வராதபடி செய்து கொண்டு வாருங்கள். மூன்று, இரண்டும் முடியாது என்றால் ஃபேன் வைத்த பெட்டியாகக் கொண்டு வாருங்கள், அம்மாவே திருப்பி அனுப்பிவிடுவாள்.

மாமிக்கு என் நமஸ்காரம், காரணத்தைச் சொல்லாமல் தெரிவிக்கவும். உங்கள் ஆசீர்வாதம் வழக்கத்தைவிட இந்த வாரம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
நடுங்கிக்கொண்டிருக்கும் மருமாள்
மஹதி

பி.கு.: மாமா, மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது கதவு தட்டப்பட்டது. "உள்ள என்னடி முக்கால் மணி நேரமா?" அம்மாதான். திறந்தேன். வாளியைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன். வாசற்படியில் நின்றபடியே முழுவதும் படித்தாள். நான் அழுவதற்குத் தயாராக நின்றுகொண்டிருந்தேன். படித்து முடித்துவிட்டு, "சுருதி கீழ போச்சுன்னா எழுதின?" என்று கேட்டாள். "ஆமாம்மா." "கீழ போகலைடி அசடே, மேல போச்சு! பத்து நாளா அந்த ஒரு இடத்தை நினைச்சுண்டே உக்காந்திருக்கேன், நான் மேல போனேனா கீழ போனேனா, எனக்கே காது போயிடுத்தான்னு. எழுதினவன் யாரோ விவரம் தெரிஞ்ச பெரியவன்னு நம்பித் தொலைச்சேன். நீயா அது!" தலையில் ஒன்று வைத்தாள். அப்புறம் சமையலறையில் உட்கார்ந்து சபாக்காரர் அனுப்பிய ரெக்கார்டிங்கை நாலு தடவை கேட்டோம். மேலேதான் போயிருக்கிறது மாமா, சந்தேகமே இல்லை. "குத்தம் சொல்றதுக்கும் சாதகம் வேணும். காலம்பற எழுந்து வந்து பக்கத்துல உக்காரு. நான் பாடறேன், எங்க போறதுன்னு நீ சொல்லு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

ஆகவே பெட்டியைக் கட்டாயம் கொண்டு வாருங்கள், லிஸ்டோடு, யாரும் வரவில்லை என்று அப்பா தினம் படித்து நிம்மதியாகட்டும். ஆனால் ஞாயிறு வேண்டாம், செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை நான் பத்திரிகைக்கு ஒரு திருத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. அப்பாவிடம் மட்டும் எதுவும் சொல்லக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. "எனக்காக இத்தனை நாளா ஊரெல்லாம் சுத்தி ஒருத்தனைத் தேடிண்டிருக்கார். அவன் நம்மாத்து பாத்ரூம்லதான் இருக்கான்னு தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்க மாட்டார்" என்கிறாள்.