கோடு விழுந்த மன்னிப்பு

வித்யாத்மோ கேட்ட மன்னிப்பின் குறுக்கே, தலை முதல் கால் வரை கோடு போயிருந்தது.

ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. "மதிப்பிற்குரிய பாக் சுபெக்தி அவர்களே" (பாக் என்றால் ஐயா) என்பதில் தொடங்கி "இப்படிக்குப் பணிவுள்ள" என்பது வரை, ஒவ்வொரு வரியின் இடுப்பிலும் கறுப்பாக ஒரு கோடு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தப்புக் கணக்கை அடிப்பது போல.

அவர் மனைவி லஸ்த்ரி கல்லாவுக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, மன்னிப்பும் கேட்டுட்டு, அதை நீங்களே அடிச்சும் வெச்சிருக்கீங்க?"

"நான் எங்க அடிச்சேன்? மரியாதையா இருக்கட்டும்னு ஒரு எழுத்தைச் சேர்த்தேன்."

"என்ன எழுத்து?"

"எஸ்."

லஸ்த்ரி திரையையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரொம்ப மரியாதையாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஜாவாத் தீவின் சலாத்திகா ஊரில் வித்யாத்மோவின் மூக்குக்கண்ணாடிக் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவர் மனசு கடையில் இல்லை. கடைக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் தொங்கிய கூண்டில் இருந்தது. அதில் மெனிக் என்ற பெண் சோலைப்பாடிப் பறவை இருந்தாள். மெனிக் என்றால் மாணிக்கம். காலையில் கடை திறப்பதற்கு முன் அவளுக்கு உயிரோடு பாச்சை, புதிதாக எடுத்த எறும்பு முட்டை. "எனக்கு நேத்து வெச்ச சோறு, அதுக்கு இன்னைக்குப் பிடிச்ச பாச்சை" என்று லஸ்த்ரி சொல்வதுண்டு. சொல்லிவிட்டு அவளே போய்க் கூண்டுக்குத் தண்ணீரும் மாற்றுவாள்.

ஜாவாவில் இருக்கும் பறவைப் பைத்தியங்கள் எல்லாம் ஒன்றுகூட இணையத்தில் ஒரு மன்றம் இருந்தது. வித்யாத்மோ அங்கே 'கண்ணாடிக்காரர்'. மலைக்கு அந்தப் பக்கம், அம்பராவாவில் பஸ் உதிரிபாகக் கடை வைத்திருந்த சுபெக்தி அங்கே 'அம்பராவா சிங்கம்'. சிங்கத்திடம் குந்துர் என்ற ஆண் சோலைப்பாடி இருந்தது. குந்துர் என்றால் இடி. போன போட்டியில் முதல் பரிசு வாங்கிய பறவை. சுபெக்தி அதன் பாட்டைப் பதிவு செய்து மன்றத்தில் போட, ஊரே ஆகா என்றது. வித்யாத்மோவின் விரல் மட்டும் சும்மா இருக்கவில்லை. 'மலையிறக்கத்தில் பஸ் பிரேக் பிடிப்பது போல இருக்கிறது' என்று எழுதிவிட்டார்.

'ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்பவர் முதலில் தன் காதுக்கு ஏதாவது வாங்கி மாட்டிக்கொள்ளட்டும்' என்று பதில் வந்தது. சண்டை பக்கம் பக்கமாக வளர்ந்தது. பறவையே வளர்க்காதவர்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டு வந்து படித்தார்கள்.

இந்த நேரம் பார்த்து மெனிக் அலகில் வைக்கோல் தூக்க ஆரம்பித்தாள். கூடு கட்ட ஆசை வந்துவிட்டது என்று அர்த்தம். பெண் தயார், மாப்பிள்ளை இல்லை. அக்கம்பக்கத்தில் இருந்த ஆண்களில் ஒன்றுக்கு இறகு உதிர்ந்து தலை சொட்டை. இன்னொன்று கட்டிவைத்த பெண்ணையெல்லாம் கொத்தித் துரத்திய ரவுடி. நல்ல குடும்பத்துப் பையன் என்று பார்த்தால் குந்துர் ஒருத்தன்தான்.

வித்யாத்மோ மானத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஃபோன் செய்தார். எதிர்முனையில் சுபெக்தி தொண்டையைச் செருமினார். இருமினார். பிறகு சொன்னார்:

"தர்றேன். ஆனா ஊர் பார்க்கத் திட்டினீங்க. ஊர் பார்க்க மன்னிப்புக் கேக்கணும். அதே மன்றத்துல, அதே பக்கத்துல. கேட்டது எனக்குத் திருப்தியா இருக்கணும்."

அப்படி எழுதியதுதான் கோடு விழுந்த மன்னிப்பு; அது மாப்பிள்ளைக்காக என்பதும் மன்றத்தில் பரவிவிட்டது.

அந்த மன்றத்தில் எழுத்தை அலங்கரிக்க, சதுர அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்தை வைத்து முன்னும் பின்னும் போட வேண்டும். எந்த எழுத்து என்ன செய்யும் என்று விளக்கிய பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. வித்யாத்மோ அதை விட்டுவிட்டுத் தன் மூளையை நம்பினார். பிறர் 'பி' போட்டால் எழுத்து தடித்து வருவதைப் பார்த்திருந்தார். பெரிசு என்பதற்கு அவர் மொழியில் 'பெசார்'. ஆக, 'பி' என்றால் பெசார். அப்படியானால் 'எஸ்' என்றால்? பணிவுக்கு அவர் மொழியில் 'சோப்பான்'. வேறு என்னவாக இருக்க முடியும்? மன்னிப்பு முழுவதையும் 'எஸ்'ஸுக்குள் வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டார்.

அடுத்த நிமிடமே ஒருவர் எழுதினார்: 'கேட்ட கையோட வாபஸ் வாங்கிட்டாரு.' இன்னொருவர்: 'அடிச்சாலும் படிக்கிற மாதிரி அடிச்சிருக்காரு பாருங்க, அதுலதான் திமிரே.' யாராவது பதில் போட்டுவிட்டால் பழைய பதிவைத் திருத்த முடியாது என்பது மன்றத்தின் விதி.

சிங்கம் கர்ஜிக்கும் என்று வித்யாத்மோ பயந்து உட்கார்ந்திருந்தார். வந்தது இதுதான்: 'கோடு போட்ட மன்னிப்பு செல்லாது. மறுபடி எழுதவும். அவசரம் இல்லை.'

"அவசரம் இல்லையாம்" என்றார் லஸ்த்ரியிடம். "பெரிய மனசு."

கடையில் கண்ணாடி தேய்க்கும் இபு தித்திக் ஒரு யோசனை சொன்னார். அந்த அம்மாளுக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தம் இல்லை; யோசனைக்கும் அவருக்கும் நிறைய உண்டு.

"வெறும் கறுப்புல எழுதினா கடுப்பா எழுதின மாதிரி இருக்கும் பாக். கலர் போடுங்க."

"சிவப்பா?"

"சிவப்பு போட்டா மிரட்டுற மாதிரி இருக்காது?"

வித்யாத்மோ யோசித்தார். கள்ளம் இல்லாத மனசுக்கு ஏற்ற நிறம் வெள்ளை. இதில் சந்தேகம் என்ன? இந்தத் தடவை குற்றத்தை ஒப்புக்கொண்டு விரிவாக எழுதினார். 'உங்கள் குந்துரின் குரல் மலையிறக்கத்தில் பஸ் பிரேக் பிடிப்பது போல இருக்கிறது என்று எழுதினேன். அது என் அறியாமை. குந்துரின் குரல் தேன். அதைக் கேட்டும் உணராத பாவியை மன்னியுங்கள். இப்படிக்கு, வித்யாத்மோ.'

முதல் வாக்கியம் பழைய குப்பை என்பதால் அதைக் கறுப்பிலேயே விட்டார். மனசிலிருந்து வந்த நடு வாக்கியங்களை மட்டும் வெள்ளையாக்கினார்.

பக்கமும் வெள்ளை.

லஸ்த்ரி வந்து உரக்கப் படித்தாள். "உங்கள் குந்துரின் குரல் மலையிறக்கத்தில் பஸ் பிரேக் பிடிப்பது போல இருக்கிறது என்று எழுதினேன்." சற்று நிறுத்தினாள். "அப்புறம் ஒண்ணும் இல்லை. அப்புறம் இப்படிக்கு வித்யாத்மோ."

"நடுவுல இருக்கு. நல்லாப் பாரு."

"கண்ணாடிக் கடைக்காரர் பொண்டாட்டிங்க நான். என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

மன்றத்தில் அதற்குள் திருவிழா. 'மறுபடி ஆரம்பிச்சாச்சு.' 'இந்தத் தடவை கையெழுத்தோட.' 'நடுவுல அவ்வளவு இடம் விட்டிருக்காரே, இன்னும் திட்டு வருமோ?'

சிங்கத்தின் பதில் சாந்தமாக இருந்தது: 'இதுவும் செல்லாது. நிதானமாக எழுதவும். மழைக்காலம் முடியட்டும்.'

மழைக்காலம் முடிந்தால் மெனிக்கின் ஆசையும் முடிந்துவிடும். அவள் அலகில் வைக்கோலோடு கூண்டுக்குள் அங்கும் இங்கும் தாவுவதைப் பார்க்க வித்யாத்மோவுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது தடவை மிகுந்த எச்சரிக்கையோடு உட்கார்ந்தார். எஸ் வேண்டாம், கலர் வேண்டாம், பறவையின் பேச்சே வேண்டாம். மேற்கோள் குறி வரைந்த ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் எழுதியது அழகான பெட்டிக்குள் வந்து உட்காரும் என்பதைக் கவனித்திருந்தார். பெட்டியில் ஒரு பெயர் போட இடம் இருந்தது. கடிதத்தில் யாருக்கு என்று எழுதுவதில்லையா, அது போல என்று நினைத்து 'அம்பராவா சிங்கம்' என்று போட்டார்.

பெட்டி அழகாகத்தான் வந்தது. அதன் தலையில் எழுதியிருந்தது: அம்பராவா சிங்கம் சொன்னது.

கீழே: 'என் வயதுக்குத் தகாத வார்த்தைகளை எழுதிவிட்டேன். என் காதில்தான் கோளாறு. சக பறவைப் பிரியரின் மனதைப் புண்படுத்தியதற்கு வெட்கப்படுகிறேன். மன்னியுங்கள்.'

படித்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். 'சிங்கமே இறங்கி வந்துட்டாரு, இவருல்ல மனுஷன்' என்று ஒருவர். 'கண்ணாடிக்காரரே, இதைப் பார்த்தாவது திருந்துங்க' என்று ஒருவர். 'சிங்கம் ஐயா, இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, மாப்பிள்ளையையும் உடனே அனுப்பிருங்க' என்று எல்லாரும்.

சிங்கத்திடமிருந்து பதிலே இல்லை. வித்யாத்மோ ஃபோன் செய்து பார்த்தார், சுபெக்தி எடுக்கவில்லை.

"போச்சு" என்றார் வித்யாத்மோ. "அவர் வாயில என் வார்த்தையைத் திணிச்சுட்டேன். இனி சொட்டைத் தலையன்தான் என் பொண்ணுக்கு."

"கிளம்புங்க, நேர்ல போவோம்" என்றாள் லஸ்த்ரி. "வாயால கேட்டா குறுக்க கோடு விழாது."

ஞாயிற்றுக்கிழமை காலை, மெனிக்கின் கூண்டைத் துணியால் மூடி மடியில் வைத்துக்கொண்டு லஸ்த்ரி பஸ்ஸில் உட்கார்ந்தாள். வித்யாத்மோவின் மடியில் கடலை மிட்டாய்ப் பொட்டலங்கள். அம்பராவாவுக்கு இறங்கும் வளைவில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். கிரீச்சென்ற அந்தச் சத்தத்துக்கு, துணிக்குள்ளிருந்து மெனிக் ஒரு குரல் கொடுத்தாள்.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை குரல் பிடிச்சுப்போச்சு" என்றாள் லஸ்த்ரி. பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். வித்யாத்மோ சிரிக்கவில்லை.

சுபெக்தி வாசலில் லுங்கியும் பனியனுமாக நின்றுகொண்டிருந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொப்பை. கூண்டைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் வெளுத்தது.

"வாங்க, வாங்க. சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க. உட்காருங்க. ஒரு சட்டையப் போட்டுட்டு வந்துர்றேன்."

உள்ளே போனார். சற்று நேரத்தில் வீட்டின் பின்பக்கத்திலிருந்து பாட்டு வந்தது. என்ன குரல் அது. குழலாக நீண்டு, மணியாக உதிர்ந்து, திடீரென்று கீழே இறங்கி மறுபடி ஏறியது. கூண்டுக்குள் மெனிக் பரபரத்தாள். வால் நிமிர்ந்தது. வித்யாத்மோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்த சுபெக்தியின் கையை எழுந்து பிடித்துக்கொண்டார்.

"பாக், இந்தக் குரலையா நான் அப்படி எழுதினேன்? எனக்குப் புத்தியில்லை. அந்தக் கோடு, அந்த வெள்ளை, அந்தப் பெட்டி, எதுவுமே நான் வேணும்னு செய்யலை. மன்னிச்சிருங்க."

"அடடா, அதெல்லாம் நான் எப்பவோ மறந்தாச்சு. உட்காருங்க." சுபெக்தி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "ஆனா பாருங்க, நீங்க வாயால கேட்டது எனக்கு. ஊருக்கு? இன்னொரு தடவை எழுதிருங்க. இந்தத் தடவை அடிக்கோடு போட்டு."

"போட்டுர்றேன்."

"எல்லா வரியும் நடுவுல வரணும். எழுத்து சாஞ்சு இருந்தா இன்னும் நல்லது. நிறம் நீலம். வெளிர் நீலம் இல்லை."

"சரிங்க."

"ஓரத்துல ஒரு பூ ஓடுற மாதிரி வருமே, அதுவும்."

"அது எப்படின்னு தெரியாதே பாக்."

"கத்துக்கங்க, மெதுவா. எனக்கு அவசரமே இல்லை."

சுபெக்தியின் மனைவி முர்னி தேநீரும் பொரித்த வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார். கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவோரம் நின்றார்.

"மாப்பிள்ளைய ஒரு தடவை கண்ணால பார்த்துட்டுப் போறோமே" என்றாள் லஸ்த்ரி.

"பாடறப்ப யாராவது எட்டிப் பார்த்தா அவனுக்குக் கோவம் வந்துரும்மா. அப்புறம் ஒரு வாரம் வாயைத் திறக்க மாட்டான்."

"எங்க, அவர் நிறுத்தவே இல்லையே. மூச்சு வாங்காம பாடுறாரு."

"சாம்பியன் இல்லையா" என்றார் சுபெக்தி. அவர் நெற்றியில் வேர்வை கோடு கோடாக இறங்கியது.

வித்யாத்மோ மறந்துவிடக் கூடாது என்று விரல் விட்டு முணுமுணுத்தார்: அடிக்கோடு, நடுவில், சாய்வு, நீலம், பூ. அப்போது தலைக்கு மேல் மின்விசிறி வேகம் குறைந்து, முனகி, நின்றது. பக்கத்து வீட்டு டிவி பாதி வசனத்தில் அடங்கியது.

பின்கட்டில் குந்துரின் பாட்டும் பாதி ராகத்தில் நின்றுவிட்டது.

மெனிக் கழுத்தைச் சாய்த்துக் காது கொடுத்துப் பார்த்தாள். சுபெக்தி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்ட் போனா பறவை ஏன் நிக்கணும்?" என்றாள் லஸ்த்ரி மெதுவாக.

முர்னி காலியான தட்டை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நீங்க முதல்ல ஃபோன் பண்ணினீங்களே, அதுக்கு முந்தின நாளே குந்துர் கூண்டை விட்டுப் பறந்து போயிருச்சுங்க; நீங்க எங்கே மன்னிப்பை ஒழுங்கா எழுதித் தொலைச்சிருவீங்களோன்னு இந்த மனுஷன் அன்னையிலேர்ந்து தூங்கவே இல்லை."