உச்சவரம்புக்குள் ஒரு ஸ்கூட்டர்

மதிப்பிற்குரிய பெரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. அங்கே தங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்றும், அக்கா வழக்கம்போல் தங்களைத் திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருப்பார்கள் என்றும் நம்புகிறேன். இங்கே வீட்டு உரிமையாளர், அவருடைய நாய் உட்பட அனைவரும் நலம், என்னைத் தவிர.

ஒண்டிக்கட்டைக்கு ஊர் எதுவானால் என்ன, பந்து உதைக்கிறவர்களோடு மாரடிப்பதை விட்டுவிட்டு என் பெயிண்ட் கடைக்கு வந்து கணக்கு எழுது என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வீர்கள். அதற்கு இந்தக் கடிதத்தில் சம்மதம் தெரிவிக்கிறேன். வேலையை விட்டுவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறேன். மேலறையைக் கொஞ்சம் தூசி தட்டி வைக்கச் சொல்லவும். ஏன், என்ன, எதற்கு என்று அக்கா குடைவார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எங்கள் கால்பந்து கிளப்பில் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்பது தங்களுக்குத் தெரியும். ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்து வருஷத்துக்கு இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம், அதற்கு மேல் ஒரு காசு போனாலும் மைதானத்தில் இறங்கக் கூடாது என்று லீக்கில் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். லிஃப்டில் ஓர் ஆள் கூடிவிட்டால் அது கீ கீ என்று கத்துமே, எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அந்த லிஃப்டிலேயே எனக்குப் பல வருஷமாகக் குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் முதலாளி டைல்ஸ் வியாபாரத்தில் கொடிகட்டிப் பறப்பவர், மனசில் கள்ளம் கிடையாது, ஆனால் வாக்குக் கொடுக்கிற வியாதி உண்டு. எவனாவது நன்றாக ஓடுவதைப் பார்த்தால் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு தொகையைச் சொல்லிவிடுவார். அப்படித்தான் ஒரு கல்யாண வரவேற்பில் ராக்கெட் என்று எல்லாரும் கூப்பிடும் முன்கள ஆட்டக்காரரைப் பார்த்து, மைக்கைப் பிடுங்கி, இவர் இனி நம்ம ஆள் என்று அறிவித்துவிட்டார். மறுநாள் நான் போய், நம் உச்சவரம்பில் இவருக்குப் பாதிச் சம்பளத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்றேன். அதற்கு முதலாளி சொன்னது இது:

"லிமிட்னு போட்டிருந்தா, கொஞ்சம் மேல போகலாம்னுதானே சார் அர்த்தம்? ரோட்ல எல்லாரும் போறதில்லையா?"

பிறகு அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். பாதிச் சம்பளத்தை ஒப்பந்தத்தில் எழுதுவது. மீதிப் பாதிக்கு ராக்கெட்டின் பழைய ஸ்கூட்டரைக் கிளப்பே விலைக்கு வாங்கிக்கொள்வது. வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே. ஒரு மினி பஸ் வாங்கக்கூடிய விலைக்கு ஸ்கூட்டர் வந்து இறங்கியது. புல்வெட்டும் மிஷினுக்குப் பக்கத்தில் ஷெட்டில் நிறுத்தினோம். மைதானத்துக்காரர் அதன் ஹேண்டில்பாரில் ஈர சாக்ஸ் காயப்போட ஆரம்பித்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, லீக்கிலிருந்து ஆடிட்டர் அம்மா வருகிற வரைக்கும்.

அவர் குரலை உயர்த்தாத மனுஷி. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, அந்த வண்டியைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். ஷெட்டுக்குக் கூட்டிப் போனோம். முதலாளி அவசர அவசரமாக சாக்ஸை எடுத்துத் தன் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, இது சாதாரண வண்டி இல்லை, குதிரை என்று சொல்லி உதைத்தார். குதிரை அசையவில்லை. மறுபடி உதைத்தார், செருப்பு பறந்து போய் புல்வெட்டும் மிஷினுக்குள் விழுந்தது. ஆடிட்டர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விலையை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். அம்மா கேட்டார்:

"இதான் விலைன்னா எங்க வீட்ல ஒண்ணு நிக்குது, எடுத்துக்கறீங்களா? அது ஸ்டார்ட் ஆகும்."

அவ்வளவுதான். ஸ்கூட்டர் காசு மொத்தத்தையும் ராக்கெட்டின் சம்பளம் என்று எழுதிவிட்டார். லிஃப்ட் கத்த ஆரம்பித்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் வரம்புக்குள் வந்து பட்டியலைப் பதிவு செய்யாவிட்டால் சனிக்கிழமை இந்த வருஷத்தின் முதல் ஆட்டமே எங்களுக்குக் கிடையாது. முதலாளி ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், அப்படியானால் கதவைக் கழற்றிவிடுங்கள் என்றார்.

கதவு என்பது எங்கள் கோல்கீப்பருக்கு ரசிகர்கள் வைத்த பெயர். வயசாகிவிட்டது, முழங்காலில் பட்டை போட்டுக்கொண்டுதான் எழுந்திருக்கிறார், ஒப்பந்தமும் அந்த வாரத்தோடு முடிகிறது. ஆனால் அத்தான், நான் இந்தக் கிளப்புக்கு வந்த நாளிலிருந்து சம்பளம் பேச வந்தால் "நீங்க பாத்து செய்ங்க சார்" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசாத ஒரே ஆள் அவர். அவரிடம் போய் இதை நான் எப்படிச் சொல்வது? உடை மாற்றும் அறைக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து கையுறைக்குள் பழைய பேப்பரைத் திணித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் வானிலையைப் பற்றி ஆரம்பித்து, உச்சவரம்பு வழியாகச் சுற்றிக்கொண்டு விஷயத்துக்கு வந்தேன். அவர் பேப்பர் திணிப்பதை நிறுத்தவில்லை.

"சரி சார். அந்த இடது பக்க போஸ்ட் லேசா ஆடுது. ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன். வர்றவருக்காவது அதை டைட் பண்ணிக் குடுத்துடுங்க."

போஸ்ட் விஷயத்தைக் குறித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை அவர் வந்தார். தனியாக இல்லை, மாமியாரோடு. அந்த அம்மாள் வாழ்நாள் முழுக்க இன்சூரன்ஸ் பாலிசி விற்று ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ஆபீஸுக்கு மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது. முதலாளியின் அறைக்குள் போவதற்குள் எனக்கு என்ன வயது, ரத்தக் கொதிப்பு உண்டா, அப்பா எத்தனை வயது வரை இருந்தார் என்பதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். மருமகன் சுவரோரம் நின்றார். இந்த அம்மாள் நாற்காலியை முதலாளியின் மேஜைக்கு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டு, கெஞ்சாமல் மிரட்டாமல் தன் வீட்டு நிலவரத்தைச் சொன்னார். ஆட்டம் இல்லாத மாதங்களில் இந்த மனிதர் வீட்டில் இருக்கிறாராம். எது விழுந்தாலும் பாய்ந்துவிடுகிறாராம். போன வாரம் டம்ளர் விழப்போகிறது என்று பாய்ந்து, டம்ளரைப் பிடித்துவிட்டு, கண்ணாடி அலமாரியை உடைத்துவிட்டாராம்.

"இந்த வருஷம் சம்பளத்தைக் குறைச்சுக்கங்க ஐயா, பரவால்ல. ஆனா மூணு வருஷத்துக்கு எழுதுங்க. அதுக்குள்ள நான் வேற வீடு பாத்துக்கறேன்."

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்த ஒப்பந்தத்தை எழுதிப் பார்த்தால் அப்போதும் வரம்பு இடித்தது. எதனால் இடிக்கிறது என்று அம்மாள் கேட்டார். முதலாளி கூரையைப் பார்த்தார். நான் ஸ்கூட்டர் கதையைச் சொல்லிவிட்டேன். உடனே அம்மாள், அந்தத் தம்பியைக் கூப்பிடுங்கள் என்றார். ராக்கெட் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே வந்தார். விசாரித்ததில் என்ன தெரிந்தது என்றால், வண்டியை நாங்கள் வாங்கிக்கொண்ட நாளிலிருந்து அந்த மனிதர் பயிற்சிக்கு நடந்தே வந்துகொண்டிருக்கிறார். ஆட்டக்காரர்கள் வண்டி வைத்துக்கொள்ளக் கூடாது என்று லீக்கில் விதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம். காசு? அதைத் தொடவே இல்லையாம். இந்த டப்பா வண்டிக்கு எவன் இவ்வளவு தருவான், பேங்கில் தப்பாகப் போட்டிருப்பார்கள், எடுத்தால் போலீஸ் வரும் என்று அவருடைய அண்ணன் சொல்லிவிட்டாராம்.

"எனக்கு வண்டி திரும்பக் கெடைச்சா போதுங்க. காலு வலிக்குது" என்றார் ராக்கெட்.

ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளத்துக்கே ஆட அவர் தயார் என்றதும் எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. காசு திரும்பி வந்தது. ஆடிட்டர் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வண்டி தன் கண்ணெதிரே கிளப்பை விட்டு வெளியே போக வேண்டும். எல்லாரும் ஷெட்டு வாசலில் நின்றோம். ராக்கெட் குனிந்து பெட்ரோல் குழாயைத் திருகினார், ஒரே உதை, கிளம்பிவிட்டது. அந்தக் குழாய் மூடியிருந்ததை முதலாளியும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அலுவலகம் மூடுவதற்குள் பட்டியலைப் பதிவு செய்தோம். வரம்புக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மதியச் சாப்பாட்டுக்கான இடம் மிச்சம் இருந்தது. சனிக்கிழமை ராக்கெட் கோல் போடவில்லை, கதவு கோல் விடவில்லை, ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். எனக்கு அதுவே பெரிய வெற்றி.

அத்தோடு விட்டிருந்தால் நான் ஏன் இந்தக் கடிதம் எழுதப் போகிறேன்? ஆட்டம் முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் முதலாளி வாயெல்லாம் பல்லாக வந்து என் தோளில் கை போட்டு, சார், ஒரு நல்ல செய்தி என்றார். எதிரணியில் ஆடிய ஒருவரைப் பிடித்துப்போயிற்றாம். கையைப் பிடித்துத் தொகையைச் சொல்லிவிட்டாராம். அந்த ஆளிடம் ஒரு பழைய ஃபிரிட்ஜ் இருக்கிறதாம்.

அங்கேயே நின்று ராஜினாமா எழுதினேன் அத்தான். போதும். பெயிண்ட் டப்பா யாருக்கும் வாக்குக் கொடுக்காது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், முக்கியமாக அவர்கள் என்ன படித்தாலும் பரவாயில்லை, ஒப்பந்தம் எழுதுகிற வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்று. தங்கள் இடுப்புக்குத் தைலம் வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமையை எதிர்நோக்கும்
தங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில், மருமகனின் ஒப்பந்த நகலை வாங்க அந்த அம்மாள் வந்தார். மேஜையில், இன்னும் கொடுக்காமல் வைத்திருந்த ராஜினாமாவைப் பார்த்தார். "எவ்வளவு தம்பி தர்றாங்க?" என்றார். சொன்னேன். ராஜினாமாவை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குள் போனார். நான் ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் வெளியே வந்தார். எனக்கு மூன்று வருஷ ஒப்பந்தம், கணிசமான உயர்வு, கை வைத்த நாற்காலி. இனிமேல் நான் பக்கத்தில் இல்லாமல் முதலாளி யார் கையையும் பிடிக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் உண்டு; அதனால் அவர் போகிற கல்யாணத்துக்கெல்லாம் நானும் போக வேண்டும். உச்சவரம்பு ஆட்டக்காரர்களுக்குத்தான், குமாஸ்தாவுக்குக் கிடையாது என்பது இத்தனை வருஷமும் எனக்கே தோன்றவில்லை பாருங்கள். அந்த உயர்வில் பத்தில் ஒரு பங்கு அம்மாளுக்கு.

ஆகவே வெள்ளிக்கிழமை வரவில்லை. மேலறையை வாடகைக்கு விட்டுவிடலாம். இன்னொன்று: தாங்கள் எனக்குத் தருவதாகச் சொன்ன பெயிண்ட் கடைச் சம்பளம் எவ்வளவு என்று அம்மாள் கேட்டார். சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். பிறகு, கடையில் இப்போது வேலை செய்கிறவர்களுக்காக யார் சம்பளம் பேசுகிறார்கள் என்று விசாரித்துவிட்டு, தங்கள் விலாசத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.