மாப்பிள்ளைத் தலைக்கு ஒரு ஹெல்மெட்

எல்லப்பன் தலையை ஒரே ஆட்டாக ஆட்டினான். மஞ்சள் ஹெல்மெட் கழன்று, நேராகப் போய்க் கேன்டீன் சாம்பார் வாளிக்குள் விழுந்தது.

"பெயில்!" என்றான் பாபு.

"யோவ், இன்னாய்யா இது? நாப்பது பேர் சாப்டணும்!" என்று கரண்டியை ஓங்கினாள் பரிமாறும் மீனம்மாள்.

"கோச்சிக்காதே அக்கா. அவன் குதிரை ஏறப் போறான்."

"குதிரை ஏறட்டும், யானை ஏறட்டும். என் சாம்பார்ல எதுக்கு ஏறுறான்?"

விஷயம் இதுதான். எல்லப்பன் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு தகடு அழுத்தும் கம்பெனியில் ப்ரஸ் ஆபரேட்டர். வருகிற வியாழக்கிழமை வாலாஜாபாத்தில் அவனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. பெண் வீட்டு வழக்கப்படி மாப்பிள்ளை குதிரையில்தான் வரவேண்டும். பிள்ளையார் கோயிலிலிருந்து சத்திரம் வரை மொத்தமே முந்நூறு கெஜம். அந்த முந்நூறு கெஜத்துக்குள்தான் அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை கீழே விழுந்து முன்பல் இரண்டைப் பறிகொடுத்தார். ஆறு வருஷமாகியும் ஊரில் அவருக்குப் 'பல்லு மாப்பிள்ளை' என்றுதான் பெயர்.

பல் போனால்கூடத் தொலைகிறது என்று விட்டுவிடுவான். கனகம் சத்திரத்து மாடியில் நின்று பார்ப்பாளே! பெண் பார்க்கப் போன அன்று காபித் தட்டை நீட்டியவள் கன்னம் குழியச் சிரித்துத் தொலைத்தாள். அன்றிலிருந்து அவன் ப்ரஸ்ஸில் தகட்டைத் தலைகீழாக வைத்துக்கொண்டிருக்கிறான். அவள் கண்ணெதிரே மண்ணைக் கவ்வினால் அப்புறம் எந்த முகத்தோடு தாலி கட்டுவது?

"கார்ல வந்துடட்டுமா மாமா?" என்று மாமனார் தாண்டவராயனிடம் கேட்டும் பார்த்துவிட்டான்.

"கார்ல டாக்டர் வருவாரு, தாசில்தார் வருவாரு. குதிரைல மாப்ள மட்டுந்தான் வருவாரு."

நேரே நண்பன் பாபுவிடம் போனான். பாபு கம்பெனியில் சேஃப்டி பிரிவு. ஆபத்து என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவன் முகம் மலர்ந்துவிடும்.

"மூணே ரூல் மச்சான். புருவத்துக்கு மேல ரெண்டு விரல் எடம் வுட்டு உக்காரணும். தலைய ஆட்டினா ஹெல்மெட்டு தனியா ஆடக்கூடாது. மூணாவது, தாடைப் பட்டை. பட்டை இல்லாத ஹெல்மெட்டு வெறும் சட்டிடா!"

கம்பெனி ஹெல்மெட் சட்டி என்பது சாம்பாரில் நிரூபணமாகிவிட்டது. அடுத்து சூப்பர்வைசர் நாகப்பனின் ஸ்கூட்டர் ஹெல்மெட். நாகப்பனுக்கு மண்டை பெரிசு. பாபு அதற்குள் மெஷின் துடைக்கும் பஞ்சை அடைஅடையென்று அடைத்தான்.

"இப்ப கச்சிதம். ஏறிப் பாரு."

ஏறிப் பார்க்கக் குதிரை ஏது? வல்லத்தில் முனியம்மாளின் எருமை இருந்தது. எல்லப்பன் ஏறினான். எருமை இரண்டு அடி வைத்தது. ஹெல்மெட் சரிந்து அவன் மூக்கு வரை மூடிக்கொண்டது. கண் தெரியாத பதற்றத்தில் அவன் எருமையின் காதைப் பிடித்துத் திருக, அது நேரே ஏரியில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டது.

"பெரிசா இருந்ததுதான் தப்பு," என்றான் கரையில் நின்ற பாபு. "அசல் சரக்கே கொண்டாரேன்."

மறுநாள் அசல் சரக்கு வந்தது. கிண்டியில் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்யும் தன் சித்தப்பாவிடமிருந்து ஒரு ஜாக்கி ஹெல்மெட்டை வாங்கி வந்திருந்தான். ஆனால் பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கிகள் பொடி ஆட்கள். ஹெல்மெட் எல்லப்பனின் உச்சியிலேயே தொத்திக்கொண்டு நின்றது.

"முடிதான் தடுக்குது," என்றான் பாபு.

கொஞ்சம் வெட்டினார்கள். இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் வெட்டினார்கள். கடைசியில் வெட்ட ஒன்றுமே இல்லாமல் போனது.

"அடப்பாவி! கல்யாணத்துக்கு மூணு நாள் வெச்சிக்கினு மொட்டையாடா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள் அம்மா சுந்தராம்பாள்.

"வேண்டுதல்மா."

"எனக்குத் தெரியாம இன்னா வேண்டுதல்?"

"உனக்கு நல்ல மருமவ கிடைக்கணும்னு."

சுந்தராம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று அவனுக்கு நெய் ஊற்றிச் சோறு போட்டாள். எல்லப்பன் மொட்டையைத் தடவிக்கொண்டே சாப்பிட்டான்.

மொட்டைக்கும் ஹெல்மெட் மசியவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் விளக்கெண்ணெய் தடவி, பாபு இரண்டு கையாலும் அமுக்கினான். 'பொளக்' என்று இறங்கியது. புருவத்துக்கு மேல் சரியாக இரண்டு விரல். ஆட்டினால் தலையோடு சேர்ந்துதான் ஆடியது.

"பாஸ்! இப்ப கழட்டு, பட்டைய மாத்தணும். இதுல கீறது நைஞ்சி போச்சு."

கழற்றப் பார்த்தார்கள். வரவில்லை. பாபு காலை அவன் தோளில் ஊன்றி இழுத்தான். எல்லப்பன்தான் வந்தான், ஹெல்மெட் வரவில்லை.

"வுடு மச்சான், மேல தலைப்பா கட்டிக்கலாம். பட்டைய அப்டியே தெச்சிடறேன்." டூல் ரூமில் செய்த ஒரு எஃகுக் கொக்கியோடு புதுப் பட்டை வந்தது. அதன் மேல் எட்டு முழம் சரிகைத் தலைப்பாகை. தலை மட்டும் பூசணிக்காயாகிவிட்டது. பார்த்தவர்கள் மாப்பிள்ளைக்குக் கனம் அதிகம் என்றார்கள்.

சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் வெள்ளைக் குதிரை நின்றது. மெட்ராஸிலிருந்து அதைக் கொண்டுவந்தவன் பாண்டுரங்கன்.

"பயப்படாதீங்க சார். வெடி வெச்சாலும் காதக்கூட ஆட்டாது. நூறு கல்யாணம் பாத்துடுச்சு. அதுக்கு முன்னால பெரிய சர்வீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனது!"

இன்ன சர்வீஸ் என்று எல்லப்பன் கேட்கவில்லை. ஹெல்மெட் காதை மூடியிருந்ததில் பாதிதான் விழுந்தது. நான்கு பேர் அவனைத் தூக்கி உட்கார வைத்தார்கள். பாண்டுரங்கன் கடிவாளத்தை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

பாபு ஒரு ஸ்டூல் மேல் ஏறினான். "மூணாவது ரூல்!" என்று தாடைக்கடியில் கொக்கியை மாட்டினான்.

டக்!

குதிரையின் காது இரண்டும் விறைத்து நின்றன. கழுத்து நிமிர்ந்தது. முன்னங்கால் ஒருமுறை தரையைக் கீறியது.

எல்லப்பன் அதைக் கவனிக்கவில்லை. எதிரே சத்திரத்து வாசலில் மாலையோடு தாண்டவராயன், ஆரத்தித் தட்டோடு நாற்பது பெண்கள், ஓரமாகப் பல்லு மாப்பிள்ளை. மாடியில் கனகம். அவள் கன்னம் குழிவது அத்தனை தூரத்திலும் தெரிவதுபோல் இருந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக அவனுக்குப் பயமே இல்லை. தலை பத்திரமாக இருந்தது. மனசு நிறைந்து வழிந்தது. 'விழுந்தாலும் கவலையில்லை' என்று நினைத்துக்கொண்டான்.

டீக்கடையிலிருந்து பாண்டுரங்கன் கிளாஸைப் போட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடி வந்தான்.

"எவன்யா அது ஹெல்மெட்டு கொக்கிய மாட்டினது? போலீஸ்ல கலவரத்துக்குப் போன குதிரை சார் இது! போலீஸ்காரங்க ஹெல்மெட்டு மாட்டுற அந்த டக்குதான் அதுக்கு ஷிப்ட் சங்கு. எதுர்ல கீற கூட்டத்த மொத்தமா கலைச்சிட்டுதான் நிக்கும்!"