சொர்ணம்மாள் கடையில் பேசிய வாள்

கடலிலிருந்து கரைக்கு வரும் பொருள்களைப் பற்றி நம் அரசாங்கத்துக்குத் தெளிவான கொள்கை உண்டு. மீன் வந்தால் மீன்வளத் துறைக்கு. கப்பல் வந்தால் துறைமுகத் துறைக்கு. திமிங்கிலம் வந்தால் வனத்துறைக்கு. அது ஏன் வனத்துறைக்கு என்று திமிங்கிலம் உட்பட யாரும் கேட்டதில்லை. மந்திர வாள் வந்தால் யாருக்கு என்பதை மட்டும் ஒருவரும் தீர்மானித்து வைக்கவில்லை. இத்தனை கூத்துக்கும் அதுதான் காரணம்.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் சொர்ணம்மாள் பழைய இரும்புக் கடை நடத்தி வருகிறார். விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து லாரியில் வந்த துருப்பிடித்த நங்கூரங்களுக்கு நடுவே, துருவே இல்லாத ஒரு வாள் கிடந்தது. இரும்பு வெட்டும் கேஸ் கட்டர் பழுதாகியிருந்த நேரம். இதையாவது வைத்து வெட்டிப் பார்ப்போம் என்று வாளை எடுத்து ஒரு சங்கிலியின் மேல் வைத்தார். சங்கிலி வாழைத்தண்டு மாதிரி இரண்டாகிவிட்டது.

"என்னை ஏந்தியவரே இந்நாட்டின் வேந்தர்!" என்று கணீரென்று ஒரு குரல் வந்தது.

"ஆருடே அது?"

"யான்தான், வாள். உமக்காகவே ஆழ்கடலில் காத்திருந்தேன், வேந்தே!"

"எனக்கு வேந்தரும் வேண்டாம், வெந்தயமும் வேண்டாம். அந்த நங்கூரத்தையும் ரெண்டாக்கிப் போடு."

வாள் கொஞ்சம் யோசித்தது. பிறகு வெட்டியது. மதியச் சாப்பாட்டுக்குள் லாரிச் சுமை முழுக்கத் துண்டாகிவிட்டது. சொர்ணம்மாளுக்கு வாயெல்லாம் பல்.

பக்கத்தில் வெங்காயம் மொத்த வியாபாரம் செய்யும் பகவதிப்பெருமாள் இதை வீடியோ எடுத்து, உறவுக்காரர்களுக்கு மட்டும் அனுப்பினார். சாயங்காலத்துக்குள் கேரளம் முழுக்க அவருக்கு உறவாகியிருந்தது.

மறுநாள் எஸ்.ஐ. ரதீஷ் வந்தார்.

"அம்மே, இதுக்கு லைசென்ஸ் உண்டோ?"

"இது மந்திர வாளாக்கும், சாரே. கத்திரிக்காய் நறுக்குற கத்திக்கு லைசென்ஸ் கேப்பியளா?"

"மந்திர வாள் அல்லெங்கில் இது ஆயுதம். ஆயுதமாணெங்கில் உங்க மேல கேஸ். மந்திர வாள்தான்னு வந்தா எனக்கு இதில் காரியமில்ல, பழம்பொருள் பொறுப்புத் துறைக்காரங்க வந்து கொண்டுபோவாங்க. எதுன்னு தீர்மானமாகுறவரை கடைக்குப் பூட்டு."

"கடை என்ன செஞ்சுது?"

"சம்பவம் கடையில் வச்சல்லோ நடந்தது?"

வாளை உள்ளே வைத்துப் பூட்டும்படி கான்ஸ்டபிளிடம் சொன்னார். அவர் கையை நீட்டியதும் வாள், "என்னை ஏந்துபவரே வேந்தர்!" என்றது.

கான்ஸ்டபிள் பணிவாகத் திரும்பினார். "சாரே, இதை எடுத்தா நான் வேந்தர். அப்புறம் சார்தான் எனக்கு சல்யூட் அடிக்கணும். எடுக்கட்டோ?"

ரதீஷ் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வாள் கடைக்கு வெளியே, இரும்பு நிறுக்கும் எடைமேடை மேலேயே கிடந்தது. மழை வந்தபோது ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு மூடினார்கள். சொர்ணம்மாள் பூட்டிய கடைக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வெட்டிய இரும்பு உள்ளே, வாங்க வந்தவர்கள் வெளியே. அவருக்கு அழுகை வரவில்லை. யாரையாவது கடிக்கலாம் போலிருந்தது.

இதற்கிடையே ஊருக்கு வாள் பைத்தியம் பிடித்தது. சங்குமுகம் கடற்கரையில் கல்யாணப் படம் எடுக்க வந்த மாப்பிள்ளைகள் அட்டை வாளோடு மண்டியிட்டார்கள். மணப்பெண்கள் அதைவிடப் பெரிய வாள் கேட்டார்கள். சலூன்களில் 'வேந்தர் கட்' வந்தது. அதில் காதுக்கு மேல் முடி இருக்காது. காது இருப்பதும் தொழிலாளியின் நிதானத்தைப் பொறுத்தது. அடுக்குமாடி கட்டும் ஒருவர் வீட்டுக்கு ஒரு சிம்மாசனம் இலவசம் என்று விளம்பரம் செய்தார். சிம்மாசனத்தைப் போட்டால் கட்டில் போட இடமில்லை என்பதை விளம்பரத்தில் சொல்லவில்லை.

ஒருவழியாகப் பழம்பொருள் பொறுப்புத் துறையின் உதவி இயக்குநர் நாகேஸ்வரன் குடையோடு வந்து சேர்ந்தார். வாளை விசாரித்தார்.

"முகவரி?"

"ஆழ்கடல்."

"எந்தப் பஞ்சாயத்து?"

வாள் முதல் முறையாக வாயடைத்துப் போனது.

நாகேஸ்வரன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வாளை எடுக்கப் போனார். பாதியில் கை நின்றது. "இந்த வேந்தர் பதவிக்குச் சம்பளம் உண்டோ?"

"அளவற்ற செல்வம் உண்டு" என்றது வாள், மறுபடி குரல் வந்து.

"போச்சு! அரசு ஊழியர் முன் அனுமதி இல்லாம வேற பதவி வகிக்கப்படாது. ரிட்டையர் ஆகப்போற சமயத்துல எனக்கு ராஜ்யம் எதுக்கு?"

சொர்ணம்மாள் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"சாரே, ஒரு சந்தேகம். எடுத்தா வேந்தராயிடுவோம்னுதானே எல்லாரும் பயப்படுதிய?"

"ஆமாம்மா."

"அப்போ நான் அன்னைக்கே எடுத்தாச்சே? சங்கிலியும் வெட்டியாச்சே? நான் ஆராக்கும்?"

எல்லோரும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அவர் வேந்தர் இல்லை என்றால் வாளில் மந்திரம் இல்லை. அப்படியானால் பயந்து ஒதுங்கிய அத்தனை பேரும் முட்டாள்கள். அவர் வேந்தர் என்றால் வேந்தரின் கடையைப் பூட்டியது ராஜத் துரோகம். நாகேஸ்வரனோடு வந்திருந்த ரதீஷ் மெதுவாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

நாகேஸ்வரன் போனில் மேலிடத்தோடு வெகுநேரம் பேசினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்: "பொதுநலன் கருதியும், நிரந்தர ஏற்பாடு செய்யப்படும் வரையிலும், திருமதி சொர்ணம்மாள் அவர்கள், எவ்வித ஊதியமோ படியோ இன்றி, பொறுப்பு வேந்தராகச் செயல்படுவார்."

"வாழ்க பொறுப்பு வேந்தர்!" என்று வாளும் சொல்லிப் பார்த்தது. குரலில் பழைய கம்பீரம் இல்லை.

"சரி, உத்தரவு போடுதேன். என் கடையைத் திறந்து விடுங்க."

நாகேஸ்வரன் குனிந்து வணங்கினார். "உத்தரவு கிடைத்தது, வேந்தே. பரிசீலனையில் உள்ளது."

அடுத்த நாள் கடைக்கு முன்னால் வரிசை நின்றது. வேந்தரிடம் குறை சொல்ல ஊரே வந்திருந்தது. ஒருவருக்கு மதிலைக் கொஞ்சம் ரோட்டுக்குள் தள்ளிக் கட்ட வேண்டும். இன்னொருவருக்கு அடுத்த வீட்டுப் பலாமரத்தை அந்த வாளாலேயே வெட்ட வேண்டும். மலையோரம் வித்துராவில் வேலை பார்க்கும் ஒருவருக்கு நகரத்துக்கு மாற்றல் வேண்டும். நகரத்தில் தன் தங்கை புருஷன் இருக்கும் நாற்காலியாகவே இருந்தால் நல்லது. வரிசையில் முதல் ஆளாக நின்ற பகவதிப்பெருமாள், தன் மகனுக்கு அரண்மனையில் வெயில் படாத வேலை ஒன்று கேட்டார். ரோட்டுப் பள்ளத்தில் விழுந்து, எழுந்து, சேற்றோடு வரிசையில் நின்றவர்கள்கூட ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சொர்ணம்மாள், ஷீட்டை விலக்கி வாளை எடுத்தார். பிடியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார்.

"இவ்வளவு வேணும்னா நீங்களே வேந்தரா இருந்துக்கிடுங்க. ஆரு வாங்குதிய?"

கூட்டம் ஒரே ஆளைப் போலப் பின்வாங்கியது.

"அண்ணாச்சி, நீங்க பிடியுங்க."

பகவதிப்பெருமாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "அய்யோ, எனக்கு வேண்டாம் தாயே!"

"ஏன்? நாட்டை எப்படி நடத்தணும்னு தினமும் வெங்காய மூட்டை மேல உக்காந்து சொல்லிட்டு இருப்பியளே?"

"அதுக்காகத்தான் வேண்டாங்கேன். நானே வேந்தராயிட்டா, பொறவு ஆரைத் திட்டுறது?"

அவர் சொன்னதில் இருந்த நியாயம் எல்லோருக்கும் புரிந்தது. மதில்காரர் கண்கூடக் கலங்கியது.

சொர்ணம்மாள் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. திரும்பினார், ஒரே வெட்டு. பூட்டு தரையில் விழுந்தது. ஷட்டரை ஏற்றிவிட்டு உள்ளே போய் விளக்கைப் போட்டார்.

"பாத்தியளா!" என்று பகவதிப்பெருமாள் கத்தினார். "வேந்தரே பூட்டை உடைச்சுத்தான் கடை திறக்கணும்னா, இதெல்லாம் ஒரு ஆட்சியா?"

கூட்டத்துக்கு உயிர் வந்தது. அரசாங்கத்தை வாயாரத் திட்டிக்கொண்டே எல்லோரும் சந்தோஷமாகக் கலைந்து போனார்கள். வரிசையை ஒழுங்குபடுத்த வந்திருந்த நாகேஸ்வரனும் ரதீஷும் கூடவே திட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் இருவரும்தான் கொஞ்சம் சத்தமாக.