கூடாரத்தோடு போன காட்டுப்பன்றி

சாப்பாட்டுப் பையைக் கூடாரத்துக்குள் வைப்பதா, வெளியே வைப்பதா என்று புலாவ் உபின் தீவில் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"உள்ள வைக்கவே கூடாது," என்றான் இளமாறன். "வாசனைக்குக் காட்டுப்பன்னி வந்துரும். கேம்ப்பிங் சேஃப்டியில முதல் ரூலே அதான்."

"அப்ப வெளிய வச்சா வராதாண்ணே?" என்று கேட்டான் வேய்ன்.

நியாயமான கேள்விதான். ஆனால் பத்தடி தள்ளி, மடக்கு நாற்காலியில் டைரக்டர் ஆட்ரி மடியில் ஐபேடோடு உட்கார்ந்திருந்தார். அவர் காதுபட 'தெரியாது' என்று சொல்ல இளமாறன் என்ன பைத்தியமா?

விஷயம் இதுதான். அவர்களுடைய கட்டுமான நிறுவனத்தில் சைட் மேனேஜர் பதவி ஒன்று காலி. மிருகங்கள் நடமாடும் இடத்தில் இரண்டு நாள் முகாம், அங்கே யார் பதறாமல் சமாளிக்கிறாரோ அவருக்கே பதவி என்று ஆட்ரி மெயில் அனுப்பியிருந்தார்; கூடவே ஒரு அட்டாச்மெண்ட்டும். போட்டிக்கு ஆட்ரியே பெயர் குறித்த மூன்று பேர்: இளமாறன், வேய்ன், உமாமகேஸ்வரி. ஆறு வருடமாக ஒரே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்த இளமாறன், மெயில் வந்த ஐந்தாவது நிமிடம் ஆட்ரியின் அறையில் நின்றான்.

"எங்க ஊரே காடுதான் மேடம். யானை வாசல்ல போகும், நாங்க பாட்டுக்கு காபி குடிச்சிட்டிருப்போம்."

அவனுடைய ஊர் குரோம்பேட்டை. அவன் பார்த்த ஒரே யானை வண்டலூர் மிருகக்காட்சிசாலையில், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது.

ஃபேரர் பார்க் வீட்டில் மனைவி அனிதாவின் கணக்கே வேறு. "இது கெடைச்சா நீச்சல்குளம் வச்ச கொண்டோவுக்கு மாறிடலாங்க. பன்னியப் பாத்துப் பயந்து மானத்த வாங்கிடாதீங்க," என்று சொல்லி, தேக்கா கடைத்தெருவில் வாங்கிய முறுக்கை இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"மரத்துல கட்டித் தொங்கவிடணும்," என்று தீர்ப்புச் சொன்னான் இளமாறன்.

கரடிகள் உலவும் ஏதோ ஒரு தேசத்தில் எடுத்த யூடியூப் வீடியோவில் அப்படித்தான் செய்தார்கள். உபினில் கரடி கிடையாது, மரமேறத் தெரிந்த வேறு ஆட்கள் ஏராளம் என்பதை அந்த வீடியோ சொல்லவில்லை.

பை மேலே போன பத்தாவது நிமிடம் ஏழு குரங்குகள் வந்தன. பிரியாணிப் பொட்டலங்கள் உச்சிக்கிளையில் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. பெரிய குரங்கு ஒன்று முட்டையை மட்டும் பொறுக்கிக்கொண்டு, மீதியை வேய்னின் தலையில் கவிழ்த்தது.

"ஐயோ, மங்கிலா! மங்கி!" வேய்ன் அலறியடித்து மேசைமேல் ஏறி நின்றான்.

இளமாறனுக்கு உள்ளூரச் சிரிப்பு. கட்டாய ராணுவச் சேவையில் இரண்டு வருடம் காட்டில் புரண்டு எழுந்தவனாம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் லட்சணமே இதுதான்!

"கண்ணைப் பாக்காத! பல்லைக் காட்டாத! மெதுவா பின்னால வா!" என்று கட்டளையிட்டான். ஆட்ரி ஐபேடில் எதையோ தட்டினார். இளமாறனின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

இப்போது தரையெல்லாம் சோறு.

"அள்ளி, மூடி போட்ட டப்பாவுல போட்டு..." என்று ஆரம்பித்தாள் உமாமகேஸ்வரி. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எனக்கென்ன தெரியும்? நீங்களே சொல்லுங்க இளமாறன்."

"புதைச்சிரணும். மண்ணுக்குள்ள போயிட்டா வாசனை வராது."

குழி தோண்டி, மிகுந்த மரியாதையோடு பிரியாணியை அடக்கம் செய்தார்கள். மண்ணைக் கிளறித் தின்பதற்கென்றே மூக்கோடு பிறந்த பிராணி எது என்று இளமாறன் யோசிக்கவில்லை.

ஐந்தரை மணிக்கு அந்தப் பிராணியே நேரில் வந்தது. பின்னாலேயே வரிபோட்ட நான்கு குட்டிகள்.

உமாமகேஸ்வரி போட்ட கூச்சல் கடலுக்கு அந்தப் பக்கம் சாங்கிக் கரை வரை கேட்டிருக்கும். ஆபீஸ் பேன்ட்ரியில் எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே எறிந்தவள், "என்னால முடியாது மேடம்! கை காலெல்லாம் நடுங்குது!" என்று ஆட்ரியின் நாற்காலிக்குப் பின்னால் பதுங்கினாள். வேய்ன் கழிவறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டான்.

களம் காலி. பதவி கைக்கெட்டும் தூரத்தில், பன்றியும் அதே தூரத்தில்.

குட்டியோடு இருக்கும் பன்றியை நெருங்கக் கூடாது, தள்ளி நின்றால் அதுவே போய்விடும் என்று இளமாறன் படித்திருந்தான். ஆனால் தள்ளி நிற்பவனுக்கு யார் பதவி கொடுப்பார்கள்? தன் கூடாரத்துக்குள் பாய்ந்து, முதல் ரூலை மீறி அங்கே ஒளித்து வைத்திருந்த முறுக்கில் ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து, அதிலிருந்து ஒரு முறுக்கைத் தூரமாக வீசினான்.

பன்றி தின்றது. பிடித்திருந்தது போலும். முறுக்கு எங்கிருந்து வந்தது என்று நிமிர்ந்து பார்த்தது. அடுத்த கணம் கூடாரத்துக்குள் நுழைந்து, இரண்டாவது பொட்டலத்தைத் தேட ஆரம்பித்தது.

முளைகள் பிடுங்கிக்கொண்டன. கூடாரம் எழுந்து நின்று, நான்கு காலோடு நடக்கத் தொடங்கியது. பின்னால் குட்டிகள் நான்கும் வரிசையாகப் போயின. மேடையைப் பார்த்து வரும் ஊர்வலம் மாதிரி அந்தக் கூடாரம் இளமாறனை நோக்கித் திரும்பியது.

ஓட வேண்டும் என்றுதான் நினைத்தான். கால்கள் ஒத்துழைக்கவில்லை. முழங்கால் இரண்டும் பூட்டிக்கொள்ள, கண் இமைக்கவும் மறந்து அப்படியே நின்றான்.

இரண்டு முழத் தூரத்தில் துணி ஒரு கிளையில் மாட்டிக் கிழிந்தது. பன்றி தலையை வெளியே நீட்டி, வாயில் முறுக்கோடு அவனை ஏற இறங்கப் பார்த்தது. இவன் உயிருள்ள பொருள் என்றே அதற்குத் தோன்றவில்லை. உறுமிவிட்டு, மிச்சக் கூடாரத்தை முதுகில் போர்த்தியபடி குட்டிகளோடு புதருக்குள் போய்விட்டது.

"ஒரு ஸ்டெப் கூடப் பின்னால வைக்கலையே இளமாறன்!" என்றார் ஆட்ரி.

"எங்க ஊர்ல இதெல்லாம் சகஜம் மேடம்," என்றது இளமாறனின் தொண்டையிலிருந்து யாரோ ஒருவருடைய குரல்.

மறுநாள் காலை, சாங்கிக்குத் திரும்பும் படகிலேயே ஆட்ரி முடிவை அறிவித்தார். நியமன ஒப்பந்தத்தோடு ஐபேடை நீட்டினார். அவர் மனம் மாறிவிடப் போகிறதே என்ற அவசரத்தில் இளமாறன் ஒரு வரிகூடப் படிக்காமல் விரலால் கையெழுத்துப் போட்டான்.

வேய்னும் உமாமகேஸ்வரியும் கை சிவக்கத் தட்டினார்கள். தோற்றவர்களுக்கு இவ்வளவு பெரிய மனதா என்று இளமாறனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆட்ரி படகின் முன்பக்கம் போனதும் அனிதாவுக்கு போன் போட்டான்.

"கெடைச்சிருச்சு! நீ கொண்டோ பாக்க ஆரம்பி!"

போனை வைத்ததும் வேய்ன் நெருங்கி வந்து, பரிதாபமாக அவன் தோளில் கை வைத்தான்.

"மெயில்ல அட்டாச்மெண்ட் தொறக்கலையாண்ணே? இந்த வேலைக்கு எல்லை தாண்டி பகாங் காட்டுக்குள்ள, புலி நடமாடுற சைட்ல, ரெண்டு வருஷம் டென்ட்லயே தங்கணும்லா... இல்லன்னா நேத்து நாங்க ரெண்டு பேரும் எதுக்கு அப்படி அலறப் போறோம்?"